தலைக்கு மேலே கல்நார்: வணிகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நோய்



நம் மளிகைக் கடைகளுக்கும், அரிசி, பருப்பு, வெல்லம் அடுக்கி வைத்திருக்கும் குடோன்களுக்கும் மேற்கூரை என்று பார்த்தால் பெரும்பாலும் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். விலை குறைவு. துருப் பிடிக்காது. கரையான் அரிக்காது. தீப்பற்றாது. தகரத்தைப் போல மழைக்குச் சத்தம் போடாது. இத்தனை நல்ல குணங்கள் இருந்ததால்தான் ஓட்டுக் கூரையை இறக்கிவிட்டு நம்மில் பலர் அதற்கு மாறினோம்.

இப்போது ஒரு கேள்வி கடைவீதியில் அடிக்கடி கேட்கிறது. "ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் புற்றுநோய் வருமாமே, உண்மையா?" கேட்பவர்களில் சிலர் பயந்துபோய் நாளைக்கே ஆளை விட்டுக் கூரையை உடைத்து எறிய நினைக்கிறார்கள். வேறு சிலர், "நாற்பது வருஷமா இதுக்கு அடியிலதான் இருக்கோம், என்ன ஆயிடுச்சு?" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். பயந்து உடைப்பது ஆபத்தை நாமே கிளப்பிவிடுவதாகும். சிரித்து ஒதுக்குவதோ, இந்த நோய் நாற்பது வருடம் கழித்தே முகம் காட்டும் என்பதை அறியாததால் வருவது.

நாம் மருத்துவர் அல்ல. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். ஆனாலும் விவரம் அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நம் வணிகர்களுக்குப் புரியும்படி வரிசையாக இங்கே வைக்கிறோம்.

கல்நார் என்பது என்ன?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது யாரும் செய்த பொருள் அல்ல. பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் ஒருவகைப் பாறை. தமிழில் இதைக் கல்நார் என்கிறோம். பெயர் மிகப் பொருத்தமானது. கல்தான், ஆனால் நாராகப் பிரியும். அந்த நாரை நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம். நெருப்பில் போட்டாலும் எரியாது. இதில் மூன்று வகை வியாபாரத்துக்கு வந்தன: வெள்ளைக் கல்நார், நீலக் கல்நார், பழுப்புக் கல்நார்.

1901-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் சிமெண்டோடு கல்நாரைக் கலந்து தகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் கூரை ஷீட்டுக்கு மூதாதை அதுதான். ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கல்நார், மற்றது பெரும்பாலும் சிமெண்ட். கூரை தவிர, கப்பல் என்ஜின் அறைகள், பாய்லர் குழாய்களின் மேல்பூச்சு, லாரிகளின் பழைய பிரேக் லைனிங், பேக்கரி அடுப்புக் கதவின் ஓரத்தில் சுற்றும் கயிறு என்று சூடு இருந்த இடமெல்லாம் கல்நார் இருந்தது.

இதன் ஆபத்து நாரின் மெல்லிய தன்மையில் இருக்கிறது. ஒரு நாரைப் பிரிக்கப் பிரிக்க அது தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியதாகப் பிரிந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, இருமலும் உடனே வராது. மிளகாய் மூட்டையைப் பிரித்தால் அடுத்த நொடியே தும்மல் வந்து எச்சரிக்கிறது. கல்நார்த் தூசி அப்படி எச்சரிப்பதில்லை.

நோய் எது?

நம் நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்காக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியும், மற்றொன்று விலா எலும்புப் பக்கம் ஒட்டியும் இருக்கும். நடுவே சிறிதளவு திரவம் எண்ணெய் விட்டது போல இருப்பதால், மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும். இந்தச் சவ்வில் வரும் புற்றுநோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். நுரையீரலுக்கு உள்ளே வரும் புற்றுநோய் வேறு, அதன் உறையில் வரும் இது வேறு. சிலருக்கு வயிற்றின் உள் உறையிலும் இது வருவதுண்டு.

மூச்சோடு உள்ளே போன கல்நார் இழை நுரையீரலின் அடி ஆழம் வரை சென்று, சில இழைகள் இந்தச் சவ்வையும் அடைகின்றன. உடம்பில் அழுக்கை விழுங்கிச் சுத்தம் செய்யும் அணுக்கள் உண்டு. அவை இந்த இழையையும் விழுங்கப் பார்க்கின்றன. இழை நீளமாகவும் கரையாததாகவும் இருப்பதால் முடிவதில்லை. அதனால் அந்த இடத்தில் புண்ணும் அழற்சியும் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். பல பத்தாண்டுகள் இப்படியே போய், ஒரு நாள் அங்குள்ள அணுக்கள் கட்டுமீறி வளரத் தொடங்குகின்றன.

இது அரிய நோய்தான். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேருக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆனால் கல்நார் தருவது இந்த ஒரு நோயை மட்டுமல்ல. நுரையீரல் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய், நுரையீரல் தடித்து இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவையும் அதே கணக்கில் வருகின்றன. வேலையிடத்துக் கல்நாரால் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மூன்று வகைக் கல்நாருமே புற்றுநோய் தரும் என்பதும் உலக அளவில் உறுதி செய்யப்பட்ட முடிவு. "வெள்ளைக் கல்நார் ஒன்றும் செய்யாது" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

நாற்பது ஆண்டுத் தவணை

வியாபாரத்தில் நாம் முப்பது நாள் தவணை, அறுபது நாள் தவணை பார்த்திருக்கிறோம். இந்த நோயின் தவணை இருபது முதல் ஐம்பது ஆண்டுகள். பெரும்பாலோருக்கு முப்பது, நாற்பது ஆண்டு ஆகிறது. இருபது வயதில் மூச்சில் ஏறிய தூசிக்கு அறுபது வயதில் பில் வருகிறது. அதற்குள் வேலை மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், முதலாளி மறைந்திருப்பார், அந்தக் கம்பெனியே மூடப்பட்டிருக்கும். நோயாளிக்கே அந்தப் பழைய வேலை ஞாபகத்தில் இருக்காது. "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இந்த நோய்க்கு மட்டும் பொருந்தாமல் போவது இதனால்தான்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே வந்த சில நோயாளிகளுக்கு நெஞ்சில் நீர் கோர்த்திருந்தது. காசநோய் மருந்து கொடுத்தும் குணமாகவில்லை. அவர்கள் எல்லோரும் மேற்கே நீலக் கல்நார் வெட்டும் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதை அங்கிருந்த டாக்டர் ஸ்லெக்ஸ் கவனித்தார். அவரும் வாக்னர், மார்ச்சண்ட் என்ற இருவரும் சேர்ந்து 1960-ஆம் ஆண்டு 33 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் 32 பேருக்குக் கல்நாரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. பலர் சுரங்கத் தொழிலாளிகளே அல்ல. சுரங்கம் இருந்த ஊரில் பிள்ளைப் பருவத்தில் வளர்ந்தவர்கள்.

1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 76 நோயாளிகளின் வாழ்க்கை வரலாற்றைத் துருவிப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் கல்நார் வேலையில் இருந்தவர்கள், அல்லது அந்த வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். வீட்டில் இருந்து நோய் பெற்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் பெரும்பாலும் காணப்பட்டது, கணவரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவியரின் கதை. வேறு தொடர்பே இல்லாதவர்களில் 11 பேர் கல்நார்த் தொழிற்சாலைக்கு அரை மைல் தூரத்துக்குள் குடியிருந்தவர்கள்.

இத்தாலியில் காசாலே மொன்ஃபெராட்டோ என்ற ஊரில் 1907 முதல் 1986 வரை கல்நார் சிமெண்ட் தொழிற்சாலை இயங்கியது. அங்கே கழித்துப்போட்ட தூளை ஊரார் வாங்கிக்கொண்டு போய்ப் பாதை போடவும் பரணில் பரப்பவும் பயன்படுத்தினார்கள். மலிவாகக் கிடைத்தது என்பதே காரணம். தொழிற்சாலை வாசலை மிதிக்காத பலரும் பின்னாளில் இந்த நோய்க்குப் பலியானார்கள்.

அதே இத்தாலியில் பிராட்டோ என்ற ஊர் பழந்துணி பிரிக்கும் தொழிலுக்குப் பேர்போனது. அங்குள்ள தொழிலாளரிடமும் இந்த நோய் தென்பட்டபோது முதலில் காரணம் விளங்கவில்லை. விசாரித்ததில், முன்பு கல்நார் அடைத்து வந்த சாக்குகளும் அங்கே மறுபயன்பாட்டுக்கு வந்திருப்பது காரணமாகக் கருதப்பட்டது. நம் தொழிலில் பழைய சாக்கு இல்லாமல் ஒரு நாளும் நகராது. எதை அடைத்து வந்த சாக்கு என்று தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

கூரைக்கு அடியில் இருப்பவருக்கு ஆபத்தா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நல்ல நிலையில், உடையாமல், கைபடாமல் இருக்கும் ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. அதற்கு அடியில் உட்கார்ந்து வியாபாரம் செய்வதால் மட்டும் பெரிய ஆபத்து என்று சொல்வதற்கில்லை. இதைக் கேட்டு நிம்மதி அடையலாம்.

ஆனால் அதே ஷீட்டை ரம்பத்தால் அறுக்கும்போது, கிரைண்டர் சக்கரம் வைத்து வெட்டும்போது, போல்ட்டுக்குத் துளை போடும்போது, கம்பி பிரஷ் வைத்துப் பாசியைச் சுரண்டும்போது, சுத்தியலால் உடைக்கும்போது சிறை திறந்துவிடுகிறது. பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் மேல்புறச் சிமெண்ட் அரிந்துபோய், கை வைத்தால் மாவு போல ஒட்டும் ஷீட்டிலும் இதே நிலைதான். இவ்வளவு தூசிக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று ஓர் அளவு இதற்கு நிர்ணயிக்கப்படவில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆக, ஆபத்தில் முன்னே நிற்பவர் கல்லாவில் இருக்கும் நாம் அல்ல. ஒரு நாள் கூலிக்கு ஏணி வைத்து ஏறும் கூரை ஆள், உடைந்த துண்டுகளைத் தலையில் சுமக்கும் லோடுமேன், மறுநாள் காலை குடோனைப் பெருக்கும் அம்மா ஆகியோர். அந்தத் தூசியோடு அவர்கள் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார்கள். வேலை நம் கூரையில் நடக்கிறது. நாற்பது வருடம் கழித்து அவர்களுக்கு மூச்சு முட்டும்போது நாம் யாரும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. பொறுப்பு இன்றைக்குத்தான் நம் கையில் இருக்கிறது.

அறிகுறியும் பரிசோதனையும்

நடந்தால் மூச்சு வாங்குதல், ஒரு பக்க நெஞ்சு வலி, விடாத வறட்டு இருமல், காரணமில்லாமல் எடை குறைதல், நெஞ்சில் நீர் கோர்த்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை எல்லாம் வேறு பல நோய்களுக்கும் உண்டு. நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோர்த்தால் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது நியாயமே. அதுதான் நம்மிடையே அதிகம். பரிசோதனையில் காசநோய் உறுதியாகாமல் இருந்தாலோ, மருந்து சாப்பிட்டும் நீர் மறுபடி மறுபடி சேர்ந்தாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவரின் மைத்துனருக்கு 64 வயதில் இப்படி ஆனது. ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். மூன்று முறை நீர் எடுத்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர், "இருபது வயதில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். அவர் மளிகைக் கடை வைத்து முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் நான்கு வருடம் பாய்லர் குழாய்க்குக் கல்நார் சுற்றிய வேலையை வீட்டாரே மறந்துவிட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் சதைப் பரிசோதனை செய்து நோய் என்னவென்று தெரிந்தது. அதன்பின் பதினோரு மாதம் இருந்தார். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் வீணான மாத்திரையும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது இன்றைய தொழிலை மட்டும் சொல்லாமல், இளமையில் செய்த வேலை, வீட்டில் மற்றவர் செய்த வேலை, குடியிருந்த இடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், நீர்ப் பரிசோதனை ஆகியவை வழி காட்டும். நோயை உறுதி செய்வது சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சதைப் பரிசோதனைதான்.

சிகிச்சை

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். முற்றிலும் குணமாக்குவது மிக அரிது. ஆயினும் கைவிடப்பட்ட நோய் என்று எண்ண வேண்டாம். சிஸ்பிளாட்டின், பெமட்ரெக்ஸட் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சராசரி ஆயுள் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துத் தர 2020-இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. அந்த ஆய்வில் சராசரி 14 மாதம் என்பது 18 மாதம் ஆயிற்று. சராசரி என்பதால் அதைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. அறுவைச் சிகிச்சை வெகு சிலருக்கே பொருந்தும். நீரை வடித்து, மீண்டும் சேராமல் சவ்வை ஒட்டவைக்கும் முறையும், வலி தணிக்கும் மருத்துவமும் நோயாளிக்குப் பெரிய ஆறுதல்.

பீடி, சிகரெட் பற்றி ஒரு வார்த்தை. மீசோதீலியோமா புகையால் வருவதல்ல. ஆனால் கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் கணக்கு கூட்டல் அல்ல, பெருக்கல். அமெரிக்காவில் கல்நார்த் தொழிலாளரிடையே நடந்த ஆய்வு ஒன்றில், கல்நார் மட்டும் என்றால் ஆபத்து சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல் என்று தெரிந்தது.

சட்டமும் நாடுகளும்

பிரிட்டன் 1999-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-லும் கல்நாரைத் தடை செய்தன. அமெரிக்கா 2024-இல் வெள்ளைக் கல்நாருக்குத் தடை அறிவித்தது. இலங்கை 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவு செய்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரைப் பெருமளவு விற்பதும் ரஷ்யாதான். இலங்கை தன் கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது, தேயிலையும் மறுபடி போக ஆரம்பித்தது. வியாபாரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கத்துக்கு அனுமதி நிறுத்தப்பட்டாலும், வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகி ஷீட்டாக விற்பனையாகிறது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையிலிருந்து நின்ற பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நாம் கணக்குப் பேரேட்டையே சில ஆண்டுகளில் எடைக்குப் போடுகிறோம். நீதிமன்றம் 40 ஆண்டு என்றது இந்த நோயின் தவணையை அறிந்துதான்.

நாம் செய்ய வேண்டியவை

1. நல்ல நிலையில் உள்ள கூரையைப் பயத்தால் உடைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், விரிசலும் அரிப்பும் உள்ளதா என்று கீழிருந்தே பாருங்கள்.

2. கூரையின் மேல் யாரையும் சும்மா ஏற விடாதீர்கள். பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. உடைந்து விழுந்து உயிர் போவது நாற்பது வருடம் கழித்தல்ல, அன்றைக்கே நடக்கும். பலகை போட்டே ஏற வேண்டும்.

3. வேலை நடக்கும்போது ஷீட்டைத் தண்ணீரில் நன்கு நனைக்கச் சொல்லுங்கள். கிரைண்டர் சக்கரம் கூடாது. கழற்றும்போது போல்ட்டைத் திருகி முழுதாக இறக்க வேண்டும், உடைத்து இறக்கக் கூடாது.

4. மூக்கில் கட்டும் துண்டும், மருந்துக்கடை நீல முகமூடியும் இந்தத் தூசியைத் தடுக்காது. பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 என்று குறித்த முகமூடியை வேலையாளுக்கு நாமே வாங்கிக் கொடுப்போம். ஒரு மூட்டைச் சீனிக்கு ஆகும் செலவு ஆகாது.

5. வேலைக்கு முன் சரக்கை அப்புறப்படுத்துங்கள், முடியாவிட்டால் தார்ப்பாயால் மூடுங்கள். முடிந்தபின் விளக்குமாறு போடாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

6. உடைந்த துண்டுகளைச் சாக்கடை மூடவும், மூட்டைக்கு அடியில் போடவும், பள்ளம் நிரப்பவும் பயன்படுத்தாதீர்கள். நனைத்து, தடித்த பாலித்தீனில் கட்டி, நகராட்சியிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

7. வேலையாள் வீட்டுக்குப் போகுமுன் கை, முகம், தலை கழுவ இடமும் தண்ணீரும் கொடுங்கள். வேலைத் துணியை நனைத்துத் தனியே துவைக்கச் சொல்லுங்கள்.

8. புதிதாகக் கூரை போடுவோர் கலர் ஷீட், ஓடு, கல்நார் கலக்காத சிமெண்ட் ஷீட் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். கல்நார் இல்லை என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வணிக நண்பர்களே, வியாபாரத்தில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரு நாள் முடிந்துவிடும். தன் மூச்சில் எதை வாங்கிக்கொண்டு போகிறோம் என்று தெரியாமல் நம் கூரையில் ஏறும் மனிதருக்கு, ஏறுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது நம் கடமை. இக்கட்டுரையைக் கடைப் பையன்களுக்கும் குடோன் கணக்குப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள். இந்த மழைக்காலத்துக்குள் கூரை வேலை வைத்திருப்பவர்கள் மேற்கண்ட எட்டையும் ஒரு தாளில் எழுதி, ஏணி சாத்தும் இடத்தில் ஒட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.